மீட்டரில் வைத்த சந்தனம்

ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான் என்று எங்கள் மயூர் விஹார் சொசைட்டியில் தீர்மானம் கொண்டுவந்தவரே மாசிலாமணிதான். அப்போது அவரிடம் ஒரே ஒரு வெள்ளை மாருதி இருந்தது. மேல்மாடிப் பஞ்சாபிக்காரரிடம் மூன்று கார்கள். அந்த மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதும் மாருதியின் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். மாசிலாமணி பொதுக்குழுவில் எழுந்து நின்று, நெல்லைத் தமிழ் மணக்கும் ஹிந்தியில் மூச்சு விடாமல் பேசித் தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தார். செக்ரட்டரி என்ற முறையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டு வாசலுக்கே இரண்டாவது கார் வந்து நிற்கும் என்று அன்றைக்கு யார் கண்டது.

வந்தது பேட்டரி கார். அவர் மனைவி வடிவின் தம்பி சந்திரமௌலி பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. டெல்லிக்கு மாற்றலானதும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். அடுத்து அவனை அஸ்ஸாமில் ஏதோ எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அங்கே கரண்ட் வருவதே விசேஷம். சாவியை அக்காளிடம் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டான். பெட்ரோல் எடுக்கிற கம்பெனிக்காரன் பேட்டரி காரை அக்காளுக்குச் சீதனமாகத் தந்துவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

பச்சை நிறம். இரண்டே கதவு. பக்கத்தில் நின்றால் மாருதியே பெரிய வண்டியாகத் தெரியும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, ஒரு குமிழைத் திருப்பினால் முன்னால் போகும், மாற்றித் திருப்பினால் பின்னால் போகும். சத்தமும் கிடையாது. என் மனைவி ருக்கு முதல்முறை அதில் ஏறி உட்கார்ந்து, எப்போது கிளம்பப் போகிறோம் என்று கேட்டபோது வண்டி கேட்டைத் தாண்டியிருந்தது.

வடிவு எனக்குத் தங்கை மாதிரி. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்கு நான் அண்ணாச்சி. கும்பகோணத்துப் பட்டாபியை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒரே குடும்பம் டெல்லியில் அதுதான் என்று ருக்கு கேலி செய்வாள். வடிவுக்கு இட்லி மாவு வியாபாரம். கிழக்கு டெல்லியில் பாதித் தமிழ் வீடுகளும் கொஞ்சம் மலையாளி வீடுகளும் அவள் மாவில்தான் காலையைத் தொடங்கின. விடியுமுன் மாடியில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் கீழே எங்கள் வீட்டுக் கட்டில் லேசாக அதிரும். டெல்லியில் மாவைப் பக்குவமாகப் புளிக்க வைப்பது சாமானிய வித்தை இல்லை. மே மாதத்தில் அது தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். டிசம்பரில் கனத்த ரஜாய்ப் போர்வை போட்டு மூடினாலும் கும்பகர்ணனாகத் தூங்கும். இரண்டுக்கும் வடிவிடம் மருந்து இருந்தது.

பேட்டரி கார் வருவதற்கு முன்னால் அவள் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் வந்தாள். தூரத்து வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாசிலாமணி மாருதியில் கூட்டிப்போவார். இடது சீட்டில், மடியில் பெரிய எவர்சில்வர் தூக்கை வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வடிவு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர், "நேராப் பிடி, சீட்டுல சிந்திராம" என்பார். புளித்த மாவு சிந்தினால் வாடை லேசில் போகாதுதான். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்வார். ஒருமுறை அவளுக்கு மாருதி ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் செய்தார். கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி துள்ளிப் போய் சொசைட்டிச் சுவரில் முட்டியது. உனக்கு இது ஒத்துவராது என்று அன்றோடு முடித்துவிட்டார்.

பேட்டரி கார் ஒத்துவந்தது. தம்பி ரயிலேறுவதற்கு முன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான். லைசென்ஸும் வந்தது. ஒரு மாதத்தில் அவள் பட்பர்கஞ்ச், வசுந்தரா என்க்ளேவ், நொய்டா எல்லை என்று போக ஆரம்பித்துவிட்டாள். சமையலறையிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாக இறங்கி, எங்கள் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு போய்க் காரில் சேரும். பெரிய பிளக் அந்த வீட்டில் ஒன்றுதான். காலையில் அது கிரைண்டருக்கு, மதியத்துக்கு மேல் காருக்கு. பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதும் அவளேதான், துளசிச் செடிக்குத் தண்ணீர் விடுகிற கவனத்தோடு ஊற்றுவாள். ஜூன் மாதத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தபோது வண்டி கிளம்பாத நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் பழைய ரிக்‌ஷாக்காரர் பெருந்தன்மையோடு வந்து நிற்பார்.

பஞ்சாபிக்காரர் சும்மா இருப்பாரா. தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு ஹிந்தியில் என்ன சொல்வார்களோ அதைச் சொல்லிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். சட்டம் எல்லாருக்கும் ஒன்று. தீபாவளிக்குள் இரண்டில் ஒரு கார் வெளியே போக வேண்டும் என்று மாசிலாமணிக்கு நானே நோட்டீஸ் கொடுக்கும்படி ஆயிற்று.

எந்தக் கார் என்பதுதான் அந்த வீட்டின் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸோடு போனவனை உட்காரவைத்து, உளுந்தவடையும் காப்பியும் கொடுத்து நீதிபதியாக்கிவிட்டார்கள். மாசிலாமணிக்கு மாருதி வெறும் வண்டி இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து மகள் சிந்துவை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதில்தான். கல்லூரிக்குப் போகிற இந்த வயதிலும் சிந்து பின்சீட்டில் சாய்ந்தால் தூங்கிவிடுவாள். தினமும் காலையில் அவர் அதைத் துடைப்பதைப் பார்த்தால் குளிப்பாட்டுகிறார் என்றுதான் சொல்லத் தோன்றும்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. மாருதிய எடுத்தா ஹரித்துவார் போலாம், ஆக்ரா போலாம். பெட்ரோல் தீந்தா ஒரு பாட்டில்ல வாங்கி ஊத்திக்கிடலாம். இது நின்னுட்டா கரண்ட்ட பாட்டில்லயா பிடிச்சிட்டு வர முடியும்?" என்றார்.

"ஆக்ராவுக்கு எப்பம் போனிய? சிந்து மூணாங் கிளாஸ் படிக்கும்போது போனதுதான்" என்றாள் வடிவு.

சிந்து அம்மா கட்சி. "அப்பா, இதுல தூவானே வராதுப்பா. ஸீரோ பொல்யூஷன்" என்றாள். தூவான் என்றால் ஹிந்தியில் புகை. தமிழில் அந்தச் சொல் அவளுக்குச் சட்டென்று வரவில்லை.

மாசிலாமணி விடவில்லை. "பொகை எங்கம்மா போச்சு? அங்கன அனல்மின் நிலையத்துல நெலக்கரியப் போட்டு எரிக்கான். அந்தப் பொகைதான் ஒங்கம்மா வண்டிக்குள்ள வருது, கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான். நம்ம வீட்டுக் குப்பைய அடுத்த வீட்டு வாசல்ல தள்ளுத கணக்கு. பேட்டரி செத்தா என்ன செய்வ? பழைய சாமான் வாங்குத கபாடிக்காரன் ஈயத்த உருக்குவான். அந்த வெசம் யாரு வயித்துக்குள்ள போவும்?"

எனக்கு அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. ஒரு வடையை எடுத்துக்கொண்டு வடிவைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நெலக்கரி எரியத்தான் செய்யுது. நான் இல்லைங்கல. இந்த ஃபேனும் ஃபிரிட்ஜும் அதே கரண்டுலதான ஓடுது, அதை நிறுத்துனியளா? பேட்டரி செத்தா வித்தவங்கிட்டயே திருப்பிக் குடுக்கணும்னு தம்பி சொல்லிருக்கான், அப்படித்தான் குடுப்பேன். சிக்னல்ல நிக்கும்போது எனக்குப் பின்னால ஸ்கூட்டர்ல பிள்ளைய வச்சிட்டு நிக்கிறவன் மூக்கைப் பொத்த வேண்டாம். எனக்கு அது போதும்."

இதுவும் சரியாகத்தான் பட்டது. நீதிபதி வேலை எனக்கு லாயக்கில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கடைசியில் மாசிலாமணியே வழி சொன்னார். அவருடைய அக்கா தாயம்மாள் ஜனக்புரியில் இருந்தாள், ஊருக்கு மறுகோடி. விஜயதசமியன்று அவள் பேரனை எழுத்துக்கு உட்கார வைக்கிறார்கள். காலைப் பலகாரம் வடிவு கொண்டுவருவதாக ஏற்பாடு.

"அன்னைக்கு ஒன் வண்டிலயே போவோம். நான் மாருதில பின்னால வாறேன். அண்ணாச்சியும் வரட்டும். நிக்காமப் போயிட்டு, நிக்காமத் திரும்பி வந்திட்டா மாருதியக் குடுத்திருதேன். நடுரோட்டுல நின்னுதுன்னா இதைக் குடுத்திரணும். சம்மதமா?"

வடிவு மனசுக்குள் கணக்குப் போட்டாள். முழுசாக ஏற்றினால் ஜனக்புரி வரைக்கும் தாராளமாகப் போகும். மதினி வீட்டு வராந்தாவில் பிளக் இருக்கிறது. சாயங்காலம்வரை ஏற்றினால் திரும்பி வந்துவிடலாம். "சம்மதம்" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த நான்தான் மிச்ச வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். வண்டி போய்விட்டால் அவள் மறுபடியும் ரிக்‌ஷாவுக்கும் இடது சீட்டுக்கும் திரும்ப வேண்டும். புதிதாகப் பிடித்த தூரத்து வீடுகளெல்லாம் கைவிட்டுப் போகும்.

ஆயுதபூஜை மாசிலாமணி வீட்டில் பெரிய விசேஷம். ஆபீஸில் அவர் பைலைத் தவிர வேறு ஆயுதம் எடுத்தவரில்லை, இருந்தாலும் பூஜையில் ஒரு குறை வைக்கமாட்டார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தராசு, இஸ்திரிப் பெட்டி, சிந்துவின் கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார். கிரைண்டருக்கு மட்டும் முழ நீளத்துக்குச் சாமந்தி மாலை. ஆயுதங்களும் ஒரு நாள் மூச்சு விட வேண்டும் என்பார். மறுநாள் விஜயதசமி பூஜை ஆகும்வரை ஒரு கத்தியைத் தொட விடமாட்டார். காய்கறியைக்கூட முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவார்கள்.

அன்றைக்குக் கிரைண்டர் ஓடாது, பிளக் சும்மா கிடக்கும், விடிய விடியக் காருக்கே என்று வடிவு சந்தோஷமாகச் சொன்னாள். மதியம் ரவுண்டு முடிந்து வந்ததும் ஒயரைச் செருகிவிட்டாள். சாயங்காலம் நானும் ருக்குவும் சுண்டலுக்குப் போனபோது மாசிலாமணி பட்டை விபூதியும் ஈர வேட்டியுமாகச் சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். மேலே முடிந்ததும் கீழே இறங்கி வந்தார். மாருதியின் நெற்றியில் பட்டை போட்டு, ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு பச்சைக் காரிடம் போனார்.

"ஓரவஞ்சனை பண்ணிட்டேன்னு ஒருத்தி சொல்லிரப்பிடாதுலா அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே, வெளியே பட்டை போட்டது போதாதென்று உள்ளே குனிந்து, மீட்டர் கண்ணாடியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தையும் வைத்தார். மனிதர் மனசறிந்து செய்த மரியாதைதான். மாருதிக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டு.

விஜயதசமி காலையில் வடிவு நேரத்தோடு எழுந்து இட்லி வேகவைத்தாள். ஈரத் துணியிலிருந்து எடுத்து அடுக்கிய இட்லி ஒரு பெரிய பாத்திரம், சாம்பார், சர்க்கரைப் பொங்கல், சட்னி. எல்லாம் பச்சைக் காரின் பின்சீட்டில் ஏறின. மறுபூஜை என்று மாசிலாமணி அவசரமாக ஒரு சூடத்தைக் காட்டினார். மாலைகளைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். வடிவு ஒயரைக் காரிலிருந்து உருவிச் சுருட்டிவைத்தாள். சிந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மாருதியில் மாசிலாமணிக்குப் பக்கத்தில்.

அக்டோபர் காலை, லேசான குளிர். பஞ்சாப் பக்கம் வைக்கோலை எரிக்கிற புகை வர ஆரம்பித்திருந்தது, சூரியன் வெளிறிப்போய் இருந்தது. திடலில் மூங்கிலும் கலர்க் காகிதமும் சுற்றிய ராவணன் சாயங்காலத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றான். நிஜாமுதீன் பாலத்தில் ஏறும்போது யமுனையின் வாடை வழக்கம்போல வந்து மூக்கில் அடித்தது. முன்னால் பச்சைக் கார் ஒழுங்காக ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி மூன்றாவது கியரைத் தாண்ட முடியாமல் பல்லைக் கடித்தார். பைய போனாலும் நன்றாகத்தான் போகிறாள் என்று ஆசிரமம் தாண்டும்போது சொன்னார். எய்ம்ஸ் மேம்பாலத்தில் ஏறியபோது, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கைப்பிரேக்கை மறக்காமல் போடுகிறாளே என்றார். அவர் குரலில் லேசாகப் பெருமை தட்டியது. நான் கேட்காததுபோல இருந்தேன்.

தௌலா குவான் நெருங்கும்போது பச்சைக் கார் வேகம் குறைந்தது. சைக்கிள்காரன் ஒருத்தன் அதைத் தாண்டிப் போனான். பிறகு ஒரு தள்ளுவண்டி தாண்டிப் போனது. அப்புறம் கார் நின்றேவிட்டது.

நானும் சிந்துவும் இறங்கித் தள்ளி, ஒரு நாவல் மரத்தடியில் ஓரமாக நிறுத்தினோம். மாசிலாமணி வந்து நின்றார். ஜெயித்தவர் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்றிருக்கும். "நல்ல நேரம் போயிரும். பாத்திரத்த மாருதில ஏத்து" என்று மட்டும் சிந்துவிடம் சொன்னார். அக்கா வீட்டு அத்தான் பழைய மிலிட்டரிக்காரர், அவரிடம் கயிறு இருக்கும், வாங்கிக்கொண்டு வந்து கட்டி இழுத்துப் போகிறேன் என்று அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். வண்டிக்குக் காவலாக வடிவும் நானும் மரத்தடியில் நின்றோம்.

அவள் காருக்குள் குனிந்து மீட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்துபோன சந்தனத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். உள்ளே முள் அடியில் படுத்திருந்தது. எச்சரிக்கை விளக்கும் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. சந்தனத்துக்கு அடியில் எரிந்தால் யாருக்குத் தெரியும்.

"ராத்திரி கரண்டே ஏறல அண்ணாச்சி" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கிரைண்டருக்குப் பொட்டு வைக்கையில பின்னால கைய விட்டாக. ஆயுதத்துக்கு ஓய்வுன்னு சொல்லி, கார் ஒயர் மாட்டிருந்த சுவிச்ச அணைச்சிருக்காக. மாலை மறைச்சிட்டு, எனக்குத் தெரியல."

எனக்குத் தாங்கவில்லை. இதைச் சொன்னால் பந்தயமே செல்லாதே, வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாதிய. சாமிக்குன்னு மனசறிஞ்சு செஞ்சாக. அதைக் குத்தஞ்சொல்லி நான் வண்டி ஓட்டணுமா? வேண்டாம்."

"அப்போ வண்டி போகட்டுங்கறியா?"

எதிரே பஸ்கள் உறுமிக்கொண்டு போயின. சேலை முந்தானையால் காரின் கதவைத் துடைத்தாள்.

"போனாப் போகட்டும்னு வாய்தான் சொல்லுது. கல்யாணமாகி வந்ததுலருந்து இந்த ஊர்லதான் இருக்கேன். எந்தத் தெரு எங்க திரும்புதுன்னு எனக்குத் தெரியாது. மாருதில போம்போதெல்லாம் மடில தூக்கு. சிந்திரும் சிந்திரும்னு அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இந்த எட்டு மாசமாத்தான் அண்ணாச்சி நான் டெல்லியப் பாத்தேன்."

என் ருக்குவும் முப்பது வருஷமாக இடது சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் தூக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாசிலாமணி கயிறோடு வந்தார். மாருதி இழுக்க, வடிவு ஸ்டியரிங் பிடிக்க, ஜனக்புரிக்கு ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தோம். தாயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். தட்டில் பரப்பிய அரிசியில் பேரன் 'அ' எழுதி முடித்திருந்தான். விரலைப் பிடித்து எழுத வைத்த தாத்தாவின் மீசையிலும் அரிசி ஒட்டியிருந்தது. இட்லி ஆறவில்லை. எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம், சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை வாங்காதவர்கள் யாரும் இல்லை. வடிவு காரிலேயே கிடந்த இன்னொரு ஒயரை வராந்தா பிளக்கில் செருகிவிட்டு வந்து பரிமாறினாள். பேட்டரி கார் போகப்போகிறது என்ற சேதி இலைகளுக்கு நடுவே கைமாறி தாயம்மாளின் காதுக்கும் வந்தது.

"அப்பம் அந்த நொய்டாப் பக்கத்துக்கெல்லாம் யாருடே மாவு கொண்டுபோவா? நீயா?" என்று மாசிலாமணியைக் கேட்டாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு இட்லியைச் சாம்பாரில் தோய்த்தார்.

சாயங்காலம் திரும்பும்போது பச்சைக் காரில் தெம்பு வந்திருந்தது. ஆனால் அன்றைக்கு தசரா. ஊர் முழுக்க ராவணனைப் பார்க்கத் தெருவில் இறங்கியிருந்தது. ரிங் ரோட்டில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. எங்கேயோ ராவணன் வெடித்துச் சிதறுகிற சத்தம், தொடர்ந்து கந்தகப் புகை. மாருதியின் என்ஜின் சூட்டில் என் முழங்கால் வெந்தது. மாசிலாமணி என்ஜினை அணைத்தார், மறுபடி ஸ்டார்ட் செய்தார், நான்கடி நகர்ந்தார், மறுபடி அணைத்தார். பெட்ரோல் நெடியும் ராவணன் நெடியும் கலந்து எனக்குத் தலை சுற்றியது. முன்னால் பச்சைக் கார் சத்தமில்லாமல் நின்றது. சத்தமில்லாமல் நகர்ந்தது. அம்மாவும் மகளும் ஜன்னலை இறக்கிவிட்டுப் பொரி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"நிக்கும்போது அது ஒண்ணுமே குடிக்காதா அண்ணாச்சி?" என்று மாசிலாமணி கேட்டார்.

"நின்னா அதுக்குச் செலவில்லையே ஓய்" என்றேன்.

"ம்" என்றார். மயூர் விஹார் வரும்வரை முன்னால் போகிற பச்சைக் காரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பச்சைக் கார் ஒரு இடத்திலும் மக்கர் பண்ணாமல் கேட்டுக்குள் நுழைந்தது.

ஆனால் பேச்சு பேச்சுதான். மாடிக்குப் போனதும் வடிவு கார்ச் சாவியைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். தம்பிக்கு நாளைக்குப் போன் செய்கிறேன், வேண்டியவர் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறேன் என்றாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. சிந்துதான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நாக்கு அரித்தது. வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள். காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனேன்.

மாசிலாமணி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, காலையில் விட்டுப்போன மாலைகளை எடுக்க ஆரம்பித்தார். கத்தரிக்கோலில் இருந்த பூவை எடுத்தார். கம்ப்யூட்டர் பூவை எடுத்தார். சமையலறைக்குள் போய்க் கிரைண்டர் மாலையைத் தூக்கினார். அதற்குப் பிறகு வெளியே வரக் காணோம். நான் எட்டிப் பார்த்தேன். வாடிய சாமந்தி மாலை கையில் தொங்க, சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். சுவிட்சின்மேல் அவர் வைத்த சந்தனப் பொட்டு அழகாகக் காய்ந்திருந்தது. சுவிட்ச் மேல்நோக்கி இருந்தது.

"வடிவு" என்று கூப்பிட்டார். அவள் போய் வாசற்படியில் நின்றாள்.

"இதை நாந்தான அணைச்சேன்?"

"ஆமா."

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"தௌலா குவான்லயே தெரியும்."

"சொல்லிருக்கலாம்லா?"

"சாமிக்குன்னு செஞ்சிய. அதை எப்படிங்க நடுரோட்டுல வச்சுச் சொல்ல?"

அவர் மாலையை மேடையில் வைத்தார். ஒரு விரலால் சுவிட்சைக் கீழே தள்ளினார். விஜயதசமியன்று எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் துலங்கும் என்பார்கள். அவர் அதை நினைத்துச் செய்தாரா என்று தெரியாது. கூடத்துக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் இருந்த பச்சைக் கார்ச் சாவியை எடுத்து வடிவின் கையில் கொடுத்தார். தன் இடுப்பில் செருகியிருந்த மாருதிச் சாவியை எடுத்து அது இருந்த இடத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒங்க நோட்டீசுல எந்த நம்பருன்னு கேட்டியள்லா. மாருதி நம்பரையே எழுதிக்கிடுங்க" என்றார். அப்புறம் சும்மா இருக்க முடியாமல், "நெலக்கரி விசயத்துல நான் சொன்னது சொன்னதுதான், அதுல மாத்தமில்ல" என்றார்.

"இல்லன்னு யாரு சொன்னா" என்றாள் வடிவு. சிந்துவின் அறைக் கதவு திறந்தது.

மாருதியை அவர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்து முனிர்காவில் அறை எடுத்திருந்த ஒரு தமிழ் இளைஞன் வாங்கிக்கொண்டான். கொடுக்கிற அன்று காலையிலும் மாசிலாமணி அதைக் குளிப்பாட்டினார். டயருக்கு இடுக்கில் இருந்த மண்ணைக்கூடக் குச்சியால் எடுத்தார். அது கேட்டைத் தாண்டிப் போகும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பஞ்சாபிக்காரரும் பார்த்தார். அவரும் மனிதர்தானே, கீழே இறங்கி வந்து தோளில் கை போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேட்டருகே பால் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மாவு அதிகம் போலிருக்கிறது, பச்சைக் காரின் பின்சீட் முழுக்கத் தூக்குகள். மிச்சமிருந்த பெரிய தூக்கை எங்கே வைப்பது என்று வடிவு யோசித்தபடி நின்றாள். மாசிலாமணி தானாகவே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் தூக்கை அவர் மடியில் வைத்தாள். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. கேட் அருகே திரும்பும்போது வடிவின் குரல் மட்டும் கேட்டது.

"நேராப் பிடிங்க, சீட்டுல சிந்திராம."

நான் பால் பாக்கெட்டோடு கையை ஆட்டினேன். வடிவு சிரித்துத் தலையசைத்தாள். மாசிலாமணி என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு போனார்.